அடுத்த வீட்டுத் துணி

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. மொட்டைமாடிக் கேமராவில் பதிவானது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண், இரண்டு கைகளும் கொள்ளாத அளவுக்குத் துணிகளை அள்ளிக்கொண்டு படியிறங்குகிறாள். முகம் தெரியவில்லை. கீழே எழுதியிருந்தார்கள்: இவர் யாரென்று தெரிந்தவர்கள் சொல்லவும், மாடியில் துணி காயப்போடுபவர்கள் கவனமாக இருக்கவும்.

முகம் தெரிய வேண்டியதில்லை. அது என் அம்மா.

மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. ஒரு பிழையைப் பதியும்போது இரண்டு வரி எழுத வேண்டும். என்ன நடந்தது என்று ஒன்று, என்ன நடந்திருக்க வேண்டும் என்று இன்னொன்று. பழக்க தோஷத்தில் அந்தப் படத்தைப் பார்த்தபோதும் மனசு அப்படித்தான் பிரித்தது. முதல் வரி சுலபம். அது படத்திலேயே இருந்தது. இரண்டாவது வரி அந்தக் குழுவில் இருந்த யாருக்கும் தெரியாது. அது நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்தில், நான் பிறந்து வளர்ந்த குவார்ட்டர்ஸ் வரிசையில் இருந்தது.

அம்மா சென்னைக்கு வந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பணியில் இருக்கும்போதே நெஞ்சுவலியில் போய்விட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நாள் வந்ததும் நான் அம்மாவை என்னோடு அழைத்து வந்தேன். ஒரே பெண் நான். ஆனால் அம்மா சாமான்களில் பாதியை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் வந்தார். "கொஞ்ச நாள் இருந்து பாக்கறேன் கண்ணு. ஒத்து வந்தா இருக்கறேன்" என்பதுதான் பேச்சு. அதற்குள் அந்த அக்கா அங்கே ஒரு சின்னப் போர்ஷனைப் பார்த்து வைத்துவிட்டார். வீட்டுக்காரர் அந்த மாதக் கடைசி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அம்மா இருப்பாரா, போய்விடுவாரா என்று நான் தினமும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அம்மா என்னோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு எந்த விருப்பமும் இல்லை.

எங்கள் வரிசையில் ஆறு வீடுகள், மூன்று மூன்றாக எதிரெதிரே. எல்லாரும் கீழே இருந்து வந்தவர்கள்தான்: கோயம்புத்தூர், ஈரோடு, பொள்ளாச்சி, ஒரு குடும்பம் மட்டும் திருநெல்வேலிப் பக்கம். வீடுகளுக்கு முன்னால் சரிவில் ஒரு சமதரை. அதில் இரும்புக் கம்பம் நட்டுக் கம்பிகள் இழுத்திருக்கும். ஆறு வீட்டுத் துணியும் அங்கேதான் காயும். காயும் என்று சொல்வது ஒரு நம்பிக்கைதான். மலையில் வெயிலை நம்ப முடியாது. பத்து மணிக்கு நன்றாகக் காயும். பன்னிரண்டுக்கு மஞ்சு இறங்கும். பனிமூட்டத்தை எங்கள் பக்கம் மஞ்சு என்போம். அது வந்தால் எதிர்வீடு தெரியாது, காய்ந்த துணி தொட்டால் சில்லென்று இருக்கும். பின்னாலேயே தூறல் வரும். ஐப்பசியில் போட்ட ஜீன்ஸ் பேண்ட் கார்த்திகையில்தான் காயும் என்று அப்பா சொல்வார்.

அதனால் ஒரு வழக்கம் இருந்தது. யார் எப்போது தொடங்கியது என்று கேட்டதில்லை. மஞ்சு இறங்கும்போது வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் ஓடிப்போய் எல்லா வீட்டுத் துணியையும் எடுத்துவிடுவார்கள். தன் வீடு, அடுத்த வீடு என்ற கணக்கு கிடையாது. எடுத்து, மடித்து, வீடு வீடாகப் பிரித்து, கட்டில்மேல் அடுக்கிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பார்கள். வேலைக்குப் போனவர்கள் மாலையில் வந்து, கொடி காலியாக இருந்தால், எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். உள்ளே போய்த் தன் அடுக்கை எடுத்துக்கொண்டு, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். நன்றி என்றெல்லாம் யாரும் சொல்லமாட்டார்கள்.

இதற்குள் நுணுக்கங்கள் உண்டு. உள்ளாடைகளை முதலில் எடுத்து அடுக்கின் அடியில் வைத்து மேலே ஒரு துண்டை மூட வேண்டும். ஆண்கள் வந்து எடுத்தாலும் கூச்சம் இருக்காது. பாதி காய்ந்ததைத் தனியே சமையலறைக் கயிற்றில் போட்டுவிட வேண்டும். கிழிந்த துணியைப் பார்த்தால் பார்க்காத மாதிரி மடித்துவிட வேண்டும். அடுக்கைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டில் கொடுக்கக் கூடாது. கொண்டுபோய்க் கொடுத்தால் செய்ததைச் சொல்லிக் காட்டுகிற மாதிரி ஆகிவிடும் என்பார் அம்மா. கதவைத் திறந்து வைத்தால் போதும்.

யார் துணி எது என்று தெரியாமல் இதையெல்லாம் செய்ய முடியாது. அம்மாவுக்கு ஆறு வீட்டுத் துணியும் தெரியும். காலரைத் திருப்பித் தைத்த சட்டை யாருடையது, கரை மங்கிய மாம்பழக் கலர் சேலை யாருடையது, ஒரே மாதிரி இருக்கும் தொழிற்சாலைச் சீருடைகளில் எது யாருடையது என்று தொட்டுப் பார்த்தே சொல்வார். திருநெல்வேலிக்காரர் வீட்டிலிருந்து இரண்டு நாள் துணியே வராதபோது அம்மாதான் போய்க் கதவைத் தட்டினார். அந்த வீட்டம்மா காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தார். கணவர் பயிற்சிக்காக வடக்கே போயிருந்தார். அன்றிலிருந்து ஒரு வாரம் அந்த வீட்டுக்குச் சாப்பாடு எங்கள் வரிசையிலிருந்து போனது.

எல்லாமே இனிமையாக இருந்தது என்று சொல்லமாட்டேன். எதிர்வீட்டு அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஈரோட்டுக்காரர். கிழிசலைப் பார்க்காத மாதிரி மடிக்க வேண்டும் என்ற விதி எங்கள் வீட்டு விஷயத்தில் மட்டும் அவரைக் கட்டுப்படுத்தாது. ஒருநாள் அப்பா காதுபடவே அம்மாவிடம் சொன்னார்: "ஏனுங்க, உங்கூட்டுக்காரரு பனியன்ல எது கழுத்து, எது ஓட்டைன்னு தெரியாம தலகீழா மடிச்சு வெச்சுட்டனுங்க." அப்பா அடுத்த சம்பளத்தில் அரை டஜன் பனியன் வாங்கினார். பழையதை அம்மா தரை துடைக்க எடுத்தபோது அக்கா அதற்கும் ஒன்று சொன்னார். அது இங்கே வேண்டாம்.

பத்தாவது படிக்கும்போது எனக்கு அந்தக் கொடியே பிடிக்காமல் போனது. என் துணி எல்லார் கண்ணிலும் படுகிறதே என்று கூசினேன். உள்ளாடைகளை அறைக்குள் நாற்காலி முதுகில் காயப்போட்டேன். காயவில்லை, நாற்றம் எடுத்தது. அம்மாவிடம் கூடச் சொல்லவில்லை. எப்படித் தெரிந்ததோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அக்கா ஆணியும் நைலான் கயிறுமாக வந்து, குளியலறைகளுக்குப் பின்னால், கூரைத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், வழியில் போகிறவர்களுக்குத் தெரியாத மாதிரி ஒரு சின்னக் கொடி கட்டினார். மேலே மழை விழாது, பக்கத்தில் காற்று வரும். கட்டி முடித்துவிட்டு, வரிசையில் இருந்த மூன்று பெண்பிள்ளைகளையும் பொதுவாகப் பார்த்து, இது உங்களுக்கு என்று மட்டும் சொன்னார். என்னைத் தனியாகப் பார்க்கவில்லை. கேலி பேசாமல் அவர் செய்த ஒரே காரியம் எனக்குத் தெரிந்து அதுதான்.

சென்னையில் இதெல்லாம் எனக்கு மறந்தே போயிருந்தது. எங்கள் குடியிருப்பில் துணி காயப்போட மொட்டைமாடி. நான் ஞாயிற்றுக்கிழமை போடுவேன், மாலையில் எடுப்பேன். பக்கத்துக் கொடியில் கிடப்பது யாருடையது என்று பார்த்ததில்லை. பார்ப்பது மரியாதை இல்லை என்றுகூட நினைத்திருந்தேன்.

அன்று நான் அனுமதி கேட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். போகும் வழியெல்லாம் மழை. லிஃப்டிலிருந்து வெளியே வந்தபோது எங்கள் வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. திறந்த கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு தண்ணீர்க் கேனை முட்டுக் கொடுத்திருந்தார் அம்மா. உள்ளே கூடத்தில், சோஃபாவின்மேல், துணிகள் ஐந்து அடுக்காக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டு மூடியிருந்தது. துண்டு இல்லாத ஓர் அடுக்குக்கு எங்கள் துண்டு.

"மழ வந்துருச்சு கண்ணு. ஆரும் வர்ல. அத்தனையும் நனைஞ்சு போயிருமில்ல?" என்றார் அம்மா. "ஆரு துணி எதுன்னுதான் செரியாத் தெரியல. ஒரு மாதிரிப் பிரிச்சு வெச்சிருக்கறேன். வந்து பாத்து எடுத்துக்குவாங்க."

படம் குழுவில் வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அவ்வளவு நேரமும் அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். ஃபில்டரில் காப்பி இறங்கியிருந்தது. எல்லாருக்கும் சேர்த்துப் போட்டிருந்தார்.

நான் குழுவில் எழுதினேன். அது என் அம்மா, மழையில் நனையாமல் எடுத்து வைத்திருக்கிறார், எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளவும், சிரமத்துக்கு மன்னிக்கவும். வார்த்தைகள் அலுவலக மின்னஞ்சல் போலத்தான் வந்தன. இரண்டு பேர் கைகூப்புகிற படம் அனுப்பினார்கள். அந்தப் புகைப்படத்தை யாரும் நீக்கவில்லை.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் திட்டவில்லை. அதையும் சொல்ல வேண்டும். வாசலிலேயே நின்றார்கள். மூன்றாவது மாடியில் இருக்கும் பெண் மட்டும் உள்ளே வந்தாள். என் வயதுதான் இருக்கும், கையில் குழந்தை. தன் அடுக்கின் துண்டை விலக்கி, அடியில் மடித்து வைத்திருந்ததைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. "இதெல்லாம் கூட நீங்களே மடிச்சீங்களா ஆன்ட்டி? எனக்கு ஒரு மாதிரி இருக்கு. நனைஞ்சாலும் பரவாயில்ல, இனிமே எடுக்க வேண்டாம், ப்ளீஸ்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. நாற்காலி முதுகில் காயப்போட்டவள்தானே நானும்.

கடைசியாகக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வந்தார். வயதானவர். இங்கே எல்லாரும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தவர்கள் என்றும், யார் பொருளையும் யாரும் தொடாமல் இருப்பதுதான் எல்லாருக்கும் நல்லது என்றும் பொறுமையாக விளக்கினார். எங்கள் வரிசையிலும் எல்லாரும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தவர்கள்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அம்மா எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்.

"சரிங்க. எனக்குத் தெரியாமப் போச்சுங்க. நனையுதேன்னு எடுத்துட்டனுங்க" என்றார். காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அவர் வேண்டாம் என்று போய்விட்டார். அம்மா தண்ணீர்க் கேனை நகர்த்திவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அதன்பிறகு அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை. நான்தான் எதையாவது சரிசெய்ய முயன்றுகொண்டிருந்தேன். பூங்காவுக்கு அழைத்துப் போனேன். அங்கே நடக்கிற அம்மாக்கள் சிலரோடு பேச்சுக் கொடுத்தேன். கோயிலுக்குப் போனோம். அம்மா எல்லாவற்றுக்கும் வந்தார். நன்றாகத்தான் இருக்கிறது என்றார். மாதக் கடைசி நெருங்கியது. போர்ஷன் பற்றி அம்மா வாயைத் திறக்காததால் அவர் இருந்துவிடுவார் என்றே நினைக்க ஆரம்பித்தேன்.

ஒரு சனிக்கிழமை மறுபடி மழை பிடித்தது. நாங்கள் இருவரும் கூடத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தோம். முதல் இடி கேட்டதும் அம்மா எழுந்தார், இடுப்பில் முந்தானையைச் செருகினார், இரண்டடி போனார். அப்புறம் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்து அவரைக்காயைக் கையில் எடுத்துக்கொண்டார். மாடியில் அன்று நிறையத் துணி கிடந்தது, காலையில் நாங்களே பார்த்திருந்தோம். மழை கனத்தது. அம்மா ஒவ்வொரு காயாக நாரை உரித்துக்கொண்டே இருந்தார். நானும் தலையை நிமிர்த்தவில்லை.

மழை நின்ற பிறகு அம்மா சொன்னார். "அக்காவுக்கு ஃபோன் பண்ணி அந்தப் போர்ஷன நமக்கே புடிச்சு வெக்கச் சொல்லீரு கண்ணு."

எனக்குக் காரணங்கள் தயாராக இருந்தன. பல நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன். இங்கே பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே முப்பது படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. குளிர் காலத்தில் கால்வலி வரும். எனக்கும் துணை வேண்டாமா. கடைசியாகப் பெரிய காரணத்தைச் சொன்னேன். எதிர்வீட்டு அக்காவின் கணவருக்கு அடுத்த வருஷம் ஓய்வு, அவர்களும் ஈரோட்டுக்குப் போய்விடுவார்கள், அதற்கப்புறம் அங்கே யாரம்மா இருப்பார்கள்? அந்த வரிசையில் யாருமே நிரந்தரம் இல்லையே. வேலைக்காக வந்தோம், வேலை முடிந்தால் கிளம்ப வேண்டிய வீடுகள்தானே அவை.

அம்மா காயை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"நீ சொல்றது எல்லாஞ் செரிதான். அக்கா போறதும் எனக்குத் தெரியும். புதுசா ஆராச்சும் வருவாங்கல்ல" என்றார். அப்புறம் ஆய்ந்த காயை ஒருபக்கமாக ஒதுக்கிக்கொண்டே சொன்னார்: "இங்க ஒருத்தரும் என்னைய ஒண்ணுஞ் சொல்லலியே கண்ணு. நல்லவங்கதான். ஆனா மழ வர்றதப் பாத்துட்டு உக்காந்திருக்க இன்னைக்கு எனக்கு முடிஞ்சுது பாரு. இன்னும் நாலு தடவ உக்காந்தன்னா பழகீரும். பழகீட்டா அப்புறம் அங்க போனாலும் உக்காந்துதான் இருப்பேன். அதுக்குள்ள போயிரணும்."

அக்காவுக்கு ஃபோன் செய்தேன்.

மாதக் கடைசி வாரத்தில் அம்மாவை வாடகைக் காரில் மலைக்குக் கொண்டுபோய் விட்டேன். மேட்டுப்பாளையம் தாண்டி வளைவுகள் ஏற ஏற அம்மா கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். போர்ஷன் பழைய குவார்ட்டர்ஸிலிருந்து நடக்கிற தூரத்தில், சாலைக்குக் கீழே சரிவில் இருந்தது. ஓர் அறை, சமையல் கட்டு, பின்னால் குளியலறை. சுவரில் ஓதம் ஏறியிருந்தது. நான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு, மாற்ற வேண்டிய பல்பு, சரியாகச் சாத்தாத ஜன்னல், கேஸ் இணைப்பு என்று ஃபோனில் குறித்துக்கொண்டே இருந்தேன். வேலை இருந்தால் அழ வேண்டியதில்லை.

எதிர்வீட்டு அக்கா எங்களுக்கு முன்பே வந்து தரையைக் கழுவி வைத்திருந்தார். எங்கள் சாமான்களைத் தன் வீட்டிலிருந்து ஆள் வைத்துக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏம் பாப்பா, மெட்ராஸ்ல உங்கம்மாவ ஃபோட்டோ புடிச்சுப் போட்டாங்களாமா? நாங்க இத்தன வருசம் கூடவே இருந்தும் ஒரு ஃபோட்டோ புடிக்கோணும்னு தோணுச்சா பாரு" என்றார்.

அம்மா சிரித்தார். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க. அந்தக் கதையை அக்காவிடம் அம்மாவே ஃபோனில் சொல்லியிருக்கிறார், அதுவும் சிரிக்கிற கதையாக. என்னிடம் ஒரு வார்த்தை பேசாததை. சென்னையில் மூன்று மாதத்துக்கும் மேலாக அம்மா இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் சிரித்தேன். உடனே ஜன்னலைப் பார்க்கப் போகிற மாதிரிப் பின்பக்கம் போய்விட்டேன்.

இரண்டு நாள் இருந்தேன். கிளம்பும்போது அம்மா பஸ் ஏற்ற வந்தார். அழுது வழியனுப்புகிறவர் இல்லை. கம்பளியைக் கழுத்து வரை போட்டுக்கோ, போனதும் ஃபோன் பண்ணு என்பதோடு சரி. பஸ் திரும்பும்போது பார்த்தேன், பக்கத்தில் நின்றிருந்த யாரோ ஓர் அம்மாவின் கூடையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்திருந்தார்.

இப்போது தினமும் மாலை ஏழு மணிக்குப் பேசுகிறோம். பெரும்பாலும் அம்மாதான் பேசுவார். மேல்வீட்டில் புதிதாக வந்திருக்கிற குடும்பம் கரூர்ப் பக்கமாம், அந்தப் பையனுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம். வீட்டுக்காரர் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்களாம். இரண்டு நாளாக வெயிலே இல்லையாம். நான் கேட்டுக்கொண்டே இரவுக்கு ஏதாவது செய்வேன். என் முறை வரும்போது சொல்ல எனக்கு வேலையைப் பற்றி மட்டும்தான் இருக்கும். அது அம்மாவுக்குப் புரியாது, ஆனாலும் கேட்பார்.

நேற்று பேச்சு முடியும்போது அம்மா கேட்டார்: "அந்த மூணாவது மாடிப் பொண்ணு நல்லா இருக்குதா? கொழந்தைக்கு மாத்தி மாத்திச் சளி புடிச்சுட்டு இருந்துச்சே, இப்பப் பரவால்லயா?"

குழந்தைக்குச் சளி இருந்தது எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணை லிஃப்டில் எப்போது கடைசியாகப் பார்த்தேன் என்றும் நினைவில்லை. அவள் பெயரும் தெரியாது.

"நல்லா இருக்காங்கம்மா" என்று சொன்னேன்.